ஒரே புகார், இரண்டு கோளாறு: ஐகானும் ஃபோல்டரும் திறக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர்

"ஐகானைத் தட்டினால் எதுவும் திறக்கவில்லை" என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தால், சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: ஃபார்மேட். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் கோளாறு என்னவென்று தேட வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கும் புது மெஷின் மாதிரி தெரியும். இங்கே சொல்லப்போகும் மெஷினில் அது முடியாது. அதனால்தான் உட்கார்ந்து தேட வேண்டியதாயிற்று.

மெஷின் சிவகாசிப் பக்கம் ஒரு சிறிய டிடிபி கடையில் இருந்தது. இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ5300, ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி சாட்டா டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக் கார்டு, நோட்டீஸ் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. பேஜ்மேக்கர் 7, கோரல் டிரா 12, அப்புறம் பாமினி வகைப் பழைய தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் அடித்து வைத்த வேலைகள் டிஸ்க் முழுக்கக் கிடக்கின்றன. எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சின்னப் பூட்டுக் கருவி) உண்டு, அதன் இன்ஸ்டால் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ட்ரேசிங் பேப்பரில் அடிக்கும் லேசர் பிரின்டருக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான். கடைக்கார அண்ணாச்சி போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "என்ன வேணாலும் பாருங்க தம்பி, ஃபார்மேட் மட்டும் போட்றாதீங்க."

புகார் அவர் வாயால்: "எதைத் தட்டினாலும் திறக்க மாட்டேங்குது. ஐகானும் திறக்கல, ஃபோல்டரும் திறக்கல. சில நேரம் ஸ்க்ரீனே காலியாயி மறுபடி வருது."

இப்படி ஒரு புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, "திறக்கவில்லை என்றால் என்ன நடக்கிறது?" என்பதைத்தான். தட்டியபின் ஒன்றுமே நடக்காமல் இருப்பது ஒரு வகை. வேறு ஏதோ புரோகிராம் திறப்பது இன்னொரு வகை. வட்டம் சுற்றி, ஜன்னல் வெளுத்து, டெஸ்க்டாப்பே மறைந்து திரும்புவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. சொல்பவருக்கு மூன்றுமே "திறக்கல" தான்.

நேரில் பார்த்தபோது இரண்டு வகை கலந்திருந்தது. கோரல், பேஜ்மேக்கர் ஐகான்கள் எல்லாம் ஒரே முகமாக, ஒரு பிடிஎஃப் ரீடரின் சின்னத்தில் இருந்தன. எதைத் தட்டினாலும் அந்த ரீடர்தான் எழுந்து, "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றது. ஸ்டார்ட் மெனுவிலும் இதே கதை. டெஸ்க்டாப்பில் இருந்த 'அவசரம்' என்ற ஃபோல்டரைத் தட்டினால் வேறு மாதிரி: நீல வட்டம் சுற்றும், டாஸ்க்பாரும் ஐகான்களும் மறையும், சற்று நேரத்தில் எல்லாம் திரும்ப வரும். ஃபோல்டர் மட்டும் திறந்திருக்காது.

மவுஸை முதலில் கழித்துவிட வேண்டும். கேலிக்குச் சொல்லவில்லை, பழைய மவுஸில் இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்து, டபுள் கிளிக் சரியாகப் பதிவாகாமல் போவது சாதாரணம். ஐகானை அம்புக்குறி விசையால் தேர்ந்தெடுத்து என்டர் அடித்தால் தெரிந்துவிடும். கீபோர்டில் ஆல்ட் விசை சிக்கிக்கொண்டிருந்தால் டபுள் கிளிக் செய்யும்போதெல்லாம் பிராபர்ட்டீஸ் பெட்டி வரும், அதையும் பார்த்துக்கொள்ளலாம். இங்கே என்டர் அடித்தாலும் அதே விளைவுதான். மவுஸ் நிரபராதி.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நியூ டாஸ்க் மூலமாக நோட்பேடை ஓட்டினேன். உடனே வந்தது. கால்குலேட்டரும் வந்தது. ஆக, புரோகிராம் கோப்புகளை இயக்கும் ஏற்பாடு கெடவில்லை. இதைச் சோதிக்காமல் நகரக்கூடாது. எக்ஸ்பி காலத்து வைரஸ்கள் பல, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், இஎக்ஸ்இ எனப்படும் புரோகிராம் கோப்புகளுக்கான திறப்புக் கட்டளையையே மாற்றிவைத்திருக்கும். ஆன்டிவைரஸ் வைரஸை அழித்தபின்னும் அந்த மாற்றம் அப்படியே கிடக்கும், ஒரு புரோகிராமும் ஓடாது. இது அந்தக் கேஸ் இல்லை.

அதற்கப்புறம் டெஸ்க்டாப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் ஒரு ஒழுங்கு புலப்பட்டது. 'கம்ப்யூட்டர்' திறந்தது. ரீசைக்கிள் பின் திறந்தது. மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி உள்ளவை, அதாவது ஷார்ட்கட்கள், எல்லாமே பிடிஎஃப் ரீடருக்குப் போயின. ரைட் கிளிக் செய்து புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கித் தட்டினேன், எந்தப் பிரச்சினையும் இல்லாமல் திறந்தது. இந்தக் காலி ஃபோல்டர் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் நிறையச் சொல்லிவிடும். ஃபோல்டரைத் திறக்கும் வேலை கெடவில்லை, 'அவசரம்' ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றுதான் சிக்கல் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

சோதனைக்காகப் புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டு அதில் நுழைந்தேன். அங்கே கோரல் ஷார்ட்கட் தன் சொந்தச் சின்னத்தோடு இருந்தது, தட்டியதும் கோரல் திறந்தது. ஆனால் அண்ணாச்சியின் 'அவசரம்' ஃபோல்டருக்கு அங்கிருந்து போனால் அதே மறைந்து திரும்பும் கூத்து. இரண்டு கோளாறும் இங்கே பிரிந்தன. ஷார்ட்கட் பிரச்சினை அண்ணாச்சியின் அக்கவுன்ட்டுக்குள் மட்டும் இருக்கிறது. ஃபோல்டர் பிரச்சினை மெஷின் முழுவதற்கும் பொது.

டிஸ்க்

மேலே போகுமுன் டிஸ்க். பழைய மெஷினில் ஃபோல்டர் திறக்காமல் தொங்கினால் என் முதல் சந்தேகம் எப்போதும் அதன்மேல்தான். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டி மூன்று வரிகளைப் பார்த்தேன்: 05, சி5, சி6. மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னப் பகுதிகள்), சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள், படிக்கவே முடியாத செக்டர்கள். மூன்றிலும் பூஜ்யம். விண்டோஸ் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் நிகழ்வு இருந்தால் கெட்ட செக்டர் என்று பொருள். அதுவும் இல்லை. வயதுக்கு டிஸ்க் நன்றாகவே இருந்தது.

இருந்தாலும் வேலைக் கோப்புகள் முழுவதையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகல் எடுத்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரி பக்கம் போனேன். ஃபோல்டரைத் தொட்டாலே எக்ஸ்ப்ளோரர் (டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் விண்டோஸ் புரோகிராம்) விழும்போது, அதாவது பாதியில் நின்றுபோகும்போது, இழுத்துப் போட்டு நகல் எடுக்க முடியாது. கட்டளைகளை எழுத்தில் கொடுக்கும் கமாண்ட் பிராம்ப்டில் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை இருக்கிறது, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வருகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: படிக்க முடியாத கோப்பு ஒன்று வந்தால், இயல்பாக விட்டால் அது 30 விநாடிக்கு ஒருமுறையாக 10 லட்சம் தடவை முயலும். மறுமுயற்சியையும் காத்திருப்பையும் 1 என்று குறைத்துக் கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று, டிஸ்க் சந்தேகத்துக்குரியதாக இருந்தால் நகல் எடுக்குமுன் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் முறையில் ஓட்டவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்துவிடும்.

நகல் எடுத்ததில் ஒரு துப்பும் கிடைத்தது. 'அவசரம்' ஃபோல்டரும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. கமாண்ட் பிராம்ப்டில் டிர் கட்டளை கொடுத்தாலும் பட்டியல் சட்டென்று வந்தது. கோப்புகளைப் படிப்பதில் விண்டோஸுக்குச் சிரமம் இல்லை, அவற்றைக் காட்டுவதில்தான் எக்ஸ்ப்ளோரர் விழுகிறது.

ஷார்ட்கட் கோளாறு

இது சுலபமான பாதி. விண்டோஸ் 7இல் ஷார்ட்கட் என்பதும் ஒரு கோப்புதான், எல்என்கே என்ற வால் அதற்கு உண்டு. யாராவது "இதைக் கொண்டு திற" பெட்டியில் ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, "எப்போதும் இதையே பயன்படுத்து" என்ற டிக்கோடு ஓகே கொடுத்து அது எல்என்கே வாலுக்குப் பதிவாகிவிட்டால், அந்த அக்கவுன்ட்டின் எல்லா ஷார்ட்கட்களும் அந்தப் புரோகிராமுக்கு அடிமை. ஸ்டார்ட் மெனுவில் இருப்பவையும் ஷார்ட்கட்கள்தான் என்பதால் அவையும் போகும். கடையில் விடுமுறைக்கு வந்திருந்த பையன் ஏதோ பிடிஎஃப் திறக்கப் பார்த்ததாக அண்ணாச்சி சொன்னார். அவனைத் திட்டிப் பயனில்லை, அந்தப் பெட்டி எல்லாரையும் ஏமாற்றக்கூடியது.

சரிசெய்வது இப்படி. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி ரெஜிஎடிட்டைத் திறந்து, கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் ஃபைல் எக்ஸ்ட்ஸ் என்ற பகுதி வரும். அதற்குள் எல்என்கே வாலின் பெயரில் ஒரு உட்கிளை, அதற்குள் யூசர் சாய்ஸ். முதலில் எல்என்கே கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, யூசர் சாய்ஸை மட்டும் அழித்தேன். லாக் ஆஃப் செய்து வந்ததும் ஐகான்கள் சொந்த முகத்துக்குத் திரும்பின. ஐகான் கேஷை அழிக்கச் சொல்வார்கள் சிலர். அது ஐகானின் படத்தை மட்டும் புதுப்பிக்கும், தட்டினால் எது திறக்கிறது என்பதை மாற்றாது.

ஃபோல்டர் கோளாறு

டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, ஃபோல்டர் ஜன்னல்கள் எல்லாமே எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராம் காட்டுபவை. ஒரு ஃபோல்டர் ஜன்னலில் அது விழுந்தால் மொத்த டெஸ்க்டாப்பும் கூடவே விழும். விண்டோஸ் அதை மறுபடி எழுப்புவதால்தான் "காலியாயி மறுபடி வருது". ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தில், ஃபோல்டர் ஜன்னல்களைத் தனி புராசஸில் (தனியாக ஓடும் புரோகிராம் ஓட்டமாக) திற என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டபின் விழுவது நிற்கவில்லை, ஆனால் டெஸ்க்டாப் பிழைத்து நின்றது. தேடும்போது இது பெரிய ஆறுதல்.

அதே பக்கத்தில் இன்னொரு டிக்: எப்போதும் ஐகான் காட்டு, சிறுபடம் வேண்டாம். அதைப் போட்டேன். 'அவசரம்' திறந்துவிட்டது. டிக்கை எடுத்தேன், விழுந்தது. சிக்கல் சிறுபடம் உருவாக்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் கோரலின் சிடிஆர் கோப்புகள்.

கோப்புக்கு உள்ளே இருக்கும் படத்தைச் சிறிதாகக் காட்டுவது விண்டோஸின் சொந்த வேலை மட்டும் இல்லை. மற்றவர்கள் எழுதிய துணை நிரல்களும் எக்ஸ்ப்ளோரருக்குள் ஏறி உட்கார்ந்து அதைச் செய்யும். ஷெல் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய முறையில் எழுதியவை வழக்கமாகத் தனி புராசஸில் ஓடும். அவை விழுந்தால் "காம் சரகேட் வேலை செய்வதை நிறுத்திவிட்டது" என்ற செய்தியோடு போய்விடும். எக்ஸ்பி காலத்து முறையில் எழுதியவையோ நேராக எக்ஸ்ப்ளோரரின் வயிற்றுக்குள்ளேயே ஓடும். அவை இடறினால் எக்ஸ்ப்ளோரரே போகும். இங்கே காம் சரகேட் செய்தி வரவே இல்லை. ஆகவே பழைய முறை நிரல் ஒன்று இருக்க வேண்டும்.

ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணோடு பிழைகள் வரிசையாக நின்றன. விழுந்த புரோகிராம் எக்ஸ்ப்ளோரர், காரணம் ஆக்சஸ் வயலேஷன், அதாவது தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது. பிழைக்குக் காரணமான மாட்யூல் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே டிஎல்எல் (துணை நிரல் கோப்பு) பெயர். இந்த வரியைப் படிக்காமலேயே பலர் மெஷினைத் திறந்து ராமைத் துடைக்கப் போய்விடுகிறார்கள். சில நேரம் அங்கே என்டிடிஎல்எல் என்று விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், அப்போது அந்த வரியால் பெரிய உதவி இல்லை. இங்கே அதிர்ஷ்டம். அந்த டிஎல்எல், கோரல் கோப்புகளுக்குச் சிறுபடம் காட்டவென்று எப்போதோ இறக்கிப் போட்ட ஓர் இலவசக் கருவியுடையது.

நிர்சாஃப்ட்டின் ஷெல் எக்ஸ் வியூவில் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் பட்டியலாகப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் அல்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும், எஃப்7 அழுத்தினால் தேர்ந்தெடுத்தது முடங்கும், எஃப்8 திரும்ப உயிர் கொடுக்கும். அந்த ஒன்றை மட்டும் முடக்கி, எக்ஸ்ப்ளோரரை டாஸ்க் மேனேஜரில் முடித்து மறுபடி ஓட்டினேன். சிறுபட டிக் இல்லாமலேயே 'அவசரம்' திறந்தது. டிஎல்எல் பெயர் கிடைக்காத மெஷினில் மைக்ரோசாஃப்ட் அல்லாத எல்லாவற்றையும் முடக்கிவிட்டு, பாதி பாதியாக உயிர் கொடுத்து வர வேண்டும். 64 பிட் விண்டோஸ் என்றால் ஷெல் எக்ஸ் வியூவும் 64 பிட் பதிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டியது பட்டியலில் வராது.

பேஜ்மேக்கர் ஏன் மூடிக்கொண்டது என்பதும் இதோடு விளங்கியது. அண்ணாச்சி அதைத் தனிப் புகாராகச் சொல்லியிருந்தார்: படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் பிளேஸ் கொடுத்து அந்த ஃபோல்டருக்குப் போனால் பேஜ்மேக்கர் அப்படியே மறைந்துவிடுகிறது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியும் எக்ஸ்ப்ளோரர் பயன்படுத்தும் அதே ஷெல்தான், அதே எக்ஸ்டென்ஷனைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். பேஜ்மேக்கரை மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. எஸ்எஃப்சி ஸ்கேனும் அப்படித்தான். எல்லாக் கோளாறுக்கும் அதைச் சொல்கிறார்கள். அது விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும், அவ்வளவே. ஓட்டிப் பார்த்தேன், எந்தக் குறையும் இல்லை என்றது. யூசர் சாய்ஸ் மாறியதும், வெளியார் டிஎல்எல் இடறியதும் அதன் பார்வைக்குள் வராது.

ஏன் இப்போது?

அந்த இலவசக் கருவி வெகுநாளாக இருந்திருக்கிறது. திடீரென்று ஏன் விழ வேண்டும்? பல சர்வீஸ் வேலைகள் இந்தக் கேள்விக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி.

விண்டோஸ் 7இல் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. நாள்வாரியாக என்னென்ன விழுந்தது என்று சிவப்புக் குறிகளால் காட்டும். எக்ஸ்ப்ளோரருக்கான சிவப்புக் குறி ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி நிற்காமல் போனது. அந்த நாளின் சிஸ்டம் நிகழ்வுகளைப் பார்த்தால் கெர்னல் பவர் 41: முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் அணைந்திருக்கிறது. கரண்ட் கட். யூபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி செத்து, வெறும் பிளக் பாயின்ட்டாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. 'அவசரம்' ஃபோல்டரில் ஒரு கல்யாணக் கார்டு கோப்பின் கடைசி மாற்ற நேரம் அந்த 41ஐ ஒட்டியே இருந்தது.

கமாண்ட் பிராம்ப்டில் அந்த ஒரு கோப்பை மட்டும் காலி ஃபோல்டர் ஒன்றுக்கு நகர்த்தி, எக்ஸ்டென்ஷனுக்கு மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தேன். 'அவசரம்' திறந்தது. அந்தக் கோப்பு போன ஃபோல்டரைத் தட்டினால் எக்ஸ்ப்ளோரர் விழுந்தது. ஆக, கருவி மட்டும் இருந்தால் விழாது, கெட்ட கோப்பு மட்டும் இருந்தாலும் விழாது, இரண்டும் சேர்ந்தால்தான் விழும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் அதன் தலைப்பகுதி ஒழுங்காக இருந்தது, கொஞ்சம் கீழே போனதும் வெறும் பூஜ்யங்கள். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ், தன் ஜர்னலால் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) காப்பது கோப்பின் பெயர், அளவு போன்ற கணக்குகளைத்தான். உள்ளே எழுதிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அது பொறுப்பேற்காது. அதனால் அளவு சரியாகக் காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. தலைப்பில் சொன்ன அளவை நம்பி அந்தக் கருவி வெறும் இடத்தில் கால் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதன் மூல நிரல் கையில் இல்லாததால் அதற்குமேல் போகவில்லை.

இதே புகாரோடு வரும் வேறு மெஷின்களில் விடை வேறாக இருக்கும். எக்ஸ்பியில் ஃபோல்டரைத் தட்டினால் தேடல் ஜன்னல் திறக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஃபோல்டருக்கான இயல்பான செயல் ரெஜிஸ்ட்ரியில் மாறியிருக்கும், ஷெல்32 டிஎல்எல்லை ரெஜ்எஸ்விஆர்32 மூலம் மறுபதிவு செய்தால் போதும். டிரைவைத் தட்டினால் "எதைக் கொண்டு திறக்க?" என்று பெட்டி வந்தால், பென்டிரைவ் வைரஸ் போய் அதன் ஆட்டோரன் கோப்பு (டிரைவைத் திறக்கும்போது ஒரு புரோகிராமைத் தானாக ஓட வைப்பது) மட்டும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பிரவுசிங் சென்டர் காலத்தில் இது ஊர் முழுக்க இருந்தது. விண்டோஸ் 7 பென்டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தியது, எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அதே மாற்றத்தை அப்டேட்டாகக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் குறைந்தது.

அண்ணாச்சியின் மெஷினில் கடைசியாகச் செய்தவை: அந்த இலவசக் கருவியை முறையாக அன்இன்ஸ்டால் செய்தாயிற்று. யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி புதிதாகப் போட்டார். தனி புராசஸ் டிக்கை அப்படியே விட்டுவைத்தேன், 2 ஜிபி ராமிலும் அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. இடம் மிச்சம் பிடிக்க யாரோ அணைத்து வைத்திருந்த சிஸ்டம் ரெஸ்டோரை (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) மறுபடி இயக்கினேன். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14ஓடு முடிந்துவிட்டதால் இந்த மெஷினின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, வாட்ஸ்அப்பில் வரும் வேலைகளை அடுத்த மேசை லேப்டாப்பில் வாங்கி, ஸ்கேன் செய்த பென்டிரைவில் கொண்டுவரச் சொன்னேன். அண்ணாச்சி தலையாட்டினார், எத்தனை நாள் நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

கெட்டுப்போன கார்டைக் கோரல் தானே காப்பாற்றி வைத்திருந்தது. சேமிக்கும்போது முந்தைய வடிவத்தை பேக்கப் ஆஃப் என்று தொடங்கும் பெயரில் அதே ஃபோல்டரில் அது வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைப் பெயர் மாற்றித் திறந்தபோது முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் மட்டும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. சிறுபடம் போனதுதான் அவருக்குக் குறை. "பேரை வச்சு எப்படித் தம்பி தேடறது, எல்லாமே கல்யாணம்-1, கல்யாணம்-2ன்னு கிடக்கே" என்றார். கோரலின் ஓபன் பெட்டியில் ப்ரிவ்யூ டிக் இருப்பதைக் காட்டினேன். இனிமேல் வருகிற வேலைகளுக்கு முகூர்த்தத் தேதியையும் மாப்பிள்ளை ஊரையும் சேர்த்துப் பெயர் வைப்பதாக ஏற்பாடு.